பூத்த பயற்றை உழச் சொன்னவள்

செய்தி வந்தபோது நாங்கள் ஆய்வுகூடத்தில் தவளையின் இதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிவமலரின் பெரியம்மா மகன் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடி வந்தார். "அவ போயிட்டா" என்றார். "எங்கே?" என்று நான் கேட்டேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

திருக்கோணமலை லிங்கநகரில் சித்தி வீட்டில் தங்கிப் படித்த எங்கள் சிவமலர், வயலில் பயறு பூத்துவிட்டதா என்று பார்க்க வெள்ளிக்கிழமை தன் ஊரான தம்பலகாமத்துக்குப் போனாள். அங்கே காய்ச்சல் வந்தது. மலேரியா. அந்த நாட்களில் இராணுவம் பாதையை மூடியிருந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் அவளைக் கிடத்திக்கொண்டு வந்தவர்கள் சென்றியில், இராணுவக் காவலரணில், இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டார்கள். மூன்றாம் நாள் பாதை திறந்தபோது காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. செத்த வீட்டில் ஒருவர் இதை விதி என்றார். நான் சின்னவள், அங்கே வாய் திறக்கவில்லை. நம் வகுப்பின் இந்தக் கையெழுத்து இதழில் சொல்கிறேன். மருந்து பாதையின் மறுபக்கத்தில் இருந்தது. அதற்கு விதி என்று பெயர் வைக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

அவளை நல்ல மாணவி என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அவள் அப்படி இல்லை. கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். என்னுடைய இரண்டு பென்சில்கள் இன்னும் அவளிடம்தான் இருக்கின்றன. ஆனால் பாடத்தை அவள் நம்பினாள். நாங்கள் அதை மனப்பாடம் செய்தோம். நைதரசன் வட்டத்தை ரீச்சர் கரும்பலகையில் கீறிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். காற்றிலிருந்து வேருக்கு ஓர் அம்புக்குறி, வேரிலிருந்து மண்ணுக்கு இன்னொன்று. சிவமலர் எழும்பி, "ரீச்சர், இந்த அம்புக்குறிக்கு எத்தனை நாள் எடுக்கும்?" என்று கேட்டாள்.

"அது பரீட்சைக்கு வராது, இரும்."

"எங்கட வயலுக்கு வரும், ரீச்சர்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் ஏன் கேட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. நம் பக்கத்துக்கு யூரியா கொண்டுவரத் தடை. அதில் குண்டு செய்யலாமாம். இரண்டு போகம் யூரியா இல்லாமல் விதைத்த அவளுடைய அப்பாவின் நெல், மஞ்சள் பிடித்துக் கட்டையாக நின்றுவிட்டது. அவர் சிறுபோகத்துக்கு விதைக்கவே இல்லை. "பெரும்போகத்துக்கும் ஏலாது பிள்ளை. வவுனியாவில தம்பியோட போய்ச் சேருவம்" என்றார். போனால் வயலும் போய்விடும், அவளுடைய படிப்பும் நின்றுவிடும்.

அவள் அவருடன் வாதாடியதை எனக்கு நடித்தே காட்டினாள்.

"காத்தில முக்கால் பங்கு நைதரசன், அப்பா. அதிட்டை சென்றியில ஒருத்தரும் பாஸ் கேக்க ஏலாது."

"காத்தைப் பிடிச்சு வயலுக்குள்ள கட்டப் போறியோ?"

"நான் இல்லை. பயற்றஞ்செடியின்ர வேரில இருக்கிற பற்றீரியா கட்டும்."

கடைசியில் அவர் ஒரு துண்டு வயலைக் கொடுத்தார், அவளுடைய வாயை மூடத்தான்.

தண்ணீர் நின்று நின்று பழகிய நெல்வயலில் அந்தப் பற்றீரியா போதாமல் இருக்கலாம் என்று அவள் பயந்தாள். நிலாவெளியில் என்னுடைய பெரியம்மாவின் தோட்டத்தில் வருடா வருடம் பயறு போடுவார்கள். அந்த மண்ணில் பற்றீரியா நிறைய இருக்கும், அது வேண்டும் என்றாள். ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினோம். சென்றியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் பையைத் திறந்தான்.

"யூரியாவா?"

"யூரியா வெள்ளை. இது மண்."

"மண் ஏன்?"

அவள் பதில் தேடுவதற்குள் அவன் பையைத் தலைகீழாகப் பிடித்து வீதியில் கொட்டிவிட்டான். சிவமலர் குந்தியிருந்து இரண்டு கையாலும் அள்ளத் தொடங்கினாள். பஸ்ஸில் எல்லோரும் ஏறிவிட்டார்கள், அவள் இன்னும் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"மண்ணுக்கோ பிள்ளை பஸ்ஸை மறிச்சு வைச்சிருக்கிறீர்? திருக்கோணமலையில மண்ணே இல்லையோ?" என்று கொண்டக்டர் கத்தினார்.

"இருக்கு அண்ணை. இது வேற மண்."

முன் இருக்கை ஆச்சி எட்டிப் பார்த்து, "செய்வினைக்கோ மோனை?" என்று கேட்டா. பஸ் வெளிக்கிட்டு நல்ல தூரம் வந்த பிறகு சிவமலர் குனிந்து அவவின் காதில், "ஓம் ஆச்சி, சென்றிக்குத்தான்" என்றாள். ஆச்சி வெற்றிலை புரையேறும்வரை சிரித்தா.

அந்த மண்ணைக் கஞ்சியில் குழைத்து, விதைப் பயற்றில் பூசி, அவள் தானே விதைத்தாள். பயறு செழித்து வந்தது. சண்டையும் வந்தது. பூக்கிற நேரத்தில் செடியோடு மடக்கி உழவேண்டும் என்று அவள் சொன்னாள். வீட்டில் எல்லோரும் திடுக்கிட்டார்கள். பூத்த பயிரை உழுவது வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளை அடிப்பதற்குச் சமம் என்று மாமி சொன்னா. அவளுடைய அம்மாவை நான் மாமி என்றும் அப்பாவை மாமா என்றும்தான் கூப்பிடுவேன். அந்தச் சண்டை முடியாமலே அவள் போய்விட்டாள்.

எட்டாம் நாள் சடங்குக்கு நான் தம்பலகாமம் போனேன். அவளுடைய துண்டு முழுக்க மஞ்சள் பூ. மாமாவும் மாமியும் வரம்பில் நின்றார்கள்.

"பிள்ளை போட்ட பயிர். காய்க்கட்டும். முப்பத்தொண்டுக்கு அந்தப் பயறை அவிச்சு அவளுக்குப் படைப்பம்" என்று மாமி சொன்னா. மாமா தலையாட்டினார்.

எனக்கும் அதுதான் நல்லது என்று பட்டது. யாருக்குத்தான் படாது? ஆனால் காய்த்தால் வேர் பிடித்த நைதரசனில் பெரும்பங்கு பயற்றுக்குள் போய்விடும், நெல்லுக்கு மிஞ்சாது. அங்கே நின்றவர்களில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள், பாடத்தில் படித்த சிறுகணுக்கள். ஒன்றை நகத்தால் பிளந்து மாமாவிடம் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு.

"ஏன் இந்த நிறம்?"

"பற்றீரியா வேலை செய்யுது மாமா. வேலை செய்யாட்டில் உள்ளுக்கு வெளிறிக் கிடக்கும். இண்டைக்கோ நாளைக்கோ உழுங்கோ. காய்க்க விடாதேயுங்கோ."

"உனக்கு நெஞ்சில ஈரம் இல்லையோடி?" என்று மாமி கேட்டா. அவ கேட்டது சரி. நான் அழுதேன், ஆனால் சொன்னதை மாற்றவில்லை. மாமா அந்தச் சிறுகணுவை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு உழவு இயந்திரம் கேட்டு அயல்வீட்டுக்குப் போனார். உழும்போது மாமி வரம்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தா. எழும்பிப் போகவில்லை.

இப்போது மழை பெய்துவிட்டது. மாமா எல்லா வயலிலும் நெல் விதைத்திருக்கிறார். அவளுடைய துண்டில் எப்படி விளையும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததாகப் பொய் சொன்னால் அவள் என்னை மன்னிக்கமாட்டாள். ஆனால் வவுனியாக் கதையை அந்த வீட்டில் இப்போது யாரும் எடுப்பதில்லை.

மாமி அவளுடைய பள்ளிக்கூடக் கொப்பிகளைத் தர வந்தா. நான் வாங்கவில்லை, அவை அந்த வீட்டில் இருக்கவேண்டியவை. அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் முகத்தைப் பார்த்து "உழுங்கோ" என்று சொன்ன குரல். அப்படி ஒரு குரல் முன்பு என்னிடம் இருந்ததே இல்லை. இனி அதை நான் திருப்பிக் கொடுக்கமாட்டேன்.