கூடுதல் விலா எலும்பும் டாக்டர் திலகவதியும்

"டீச்சர், நம்ம டாக்டரம்மா மௌத்தாகிட்டாங்க." பழைய வார்டு தாதி நூர்ஜஹான் குண்டசாலையிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது என் வீட்டிலேயே ஒரு சாவு விழுந்ததுபோல் இருந்தது. கண்டியில் அவரிடம் வைத்தியம் பார்த்த உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் புசல்லாவையில் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை. கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தினால் விரல்கள் வெளுத்து மரத்துவிடும். வெண்கட்டி நழுவி விழும். வேலைக்கள்ளி என்றார் பாடசாலை அதிபர். நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை தந்தார்கள் வைத்தியர்கள். கண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் திலகவதி மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்தபடியே கையை மேலே தூக்கினார்.

"நாடி நிண்டுட்டுது பாரும்."

பிறகு எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் காட்டினார். "கழுத்தடியில ஒரு விலா எலும்பு கூடுதலா இருக்கு. கைக்குப் போற இரத்தக் குழாயையும் நரம்பையும் அது நெரிக்குது. நோகுது எண்டு சொல்லுற ஆளை முதல்ல நம்ப வேணும், பிள்ளை."

அங்கேயே அழுதுவிட்டேன்.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த பின், தமிழர்களுக்கு எதிரான எண்பத்து மூன்று கலவரம் வந்தது. அவருடைய வீட்டை எரித்தார்கள். அண்ணன் யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்டும் அவர் போகவில்லை. நூர்ஜஹானின் சேலையை உடுத்திக்கொண்டு வார்டுக்கு வந்தார்.

"கத்தி கொஞ்சம் பிசகினா கை விளங்காமப் போகும். உமக்கு அது தெரிஞ்சிருக்க வேணும்."

"ஒங்களுக்கு இப்ப முடியுங்களா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். கோபிப்பார் என்று பயந்தேன். அவரோ இரு கைகளையும் என் முன் நீட்டினார். விரல்கள் லேசாக நடுங்கின. இருவரும் அதைப் பார்த்தோம்.

"இண்டைக்கு இல்லை," என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை நான் கேட்காமலே கைகளை நீட்டினார். அசைவில்லை. "இண்டைக்கு வெட்டுவம்," என்று சிரித்தார். அந்த எலும்பை எடுத்துவிட்டார். மயக்கம் தெளிந்தபோது என் கை அவர் பிடியில் உயர்ந்திருந்தது. "நாடி ஓடுது! இஞ்ச வாரும், ஓடுது!" என்று நூர்ஜஹானைக் கூப்பிட்டார். அன்று அழுதது அவர்தான்.

யுத்த காலம் முழுவதும் கண்டியிலேயே இருந்தார். பார்க்கப் போனால் முதலில் கையைத் தூக்கச் சொல்வார், பிறகுதான் தேநீர்.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றுதான். பிள்ளைகள் "வயித்து வலி டீச்சர்" என்று வந்தால் விசாரிக்கும் முன்பே நம்பிவிடுகிறேன். சிலர் என்னை நன்றாகவே ஏமாற்றியிருக்கிறார்கள். அதைச் சொன்னபோது டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏமாந்தாப் பரவாயில்லை. நீர் நம்பும்."