கட்டுரைக்கு ஆகாத சொற்கள்

மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வரும் நேரம்தான் அக்கம்பக்கத்தாரின் முகம் பார்க்கும் நேரம். போன வாரம் அந்த இரைச்சலுக்கு நடுவே மூன்றாவது மாடிப் பெண், கல்லூரியில் முதலாண்டு படிப்பவள், இரண்டு தாள்களை நீட்டினாள். "அங்கிள், எஸ்ஸே. கொஞ்சம் பாத்துத் தர்றீங்களா?" மழையைப் பற்றிய கட்டுரை. மழையைத் தவிர எல்லாம் இருந்தது. வாய்க்குள் நுழையாத ஆங்கிலச் சொற்களாகப் பொறுக்கி அடுக்கியிருந்தாள். ஏனம்மா இப்படி என்றேன். "சிம்பிளா எழுதினா மார்க் போட மாட்டாங்க அங்கிள்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டு, மாடியேறி வந்து காபியைக்கூடக் கோபமாகவே குடித்தேன். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிறவன் செய்யக் கூடாத வேலைதான். ஆனால் அந்தத் தாளில் ஜெராக்ஸ் கடைச் சூடும் மை வாசனையும் இருந்தன. எங்கள் காலத்துக் கைடு புத்தகத்திலும் இப்படி ஒரு மலிவு மை வாசனை வரும். விரலில் ஒட்டினால் சோப்பு போட்டாலும் போகாது.

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.யூ.சி. சேர்ந்தேன். பள்ளிக்கூடத்துக்கும் பட்டப்படிப்புக்கும் நடுவே அப்போது அப்படி ஒரு வருடம் உண்டு. அதில் ஆங்கிலத்தில் கோட்டை விட்டால், மற்றதில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் மேலே போக முடியாது. ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் வழியெல்லாம் சுவரில் தார் கொண்டு 'தமிழ் வாழ்க' என்று எழுதியிருக்கும். அதைப் படித்துக்கொண்டே வந்து வகுப்பில் உட்கார்ந்தால், ஆங்கில விரிவுரையாளர் முதல் நாளே, "தமிழ் மீடியம் எல்லாம் எழுந்திரு" என்றார். எழுந்தோம். "பின்னால போய் உக்காரு." போனோம். வருடம் முழுக்க அங்கேதான் இருந்தோம். தமிழ் வெளியே சுவரில் வாழ்ந்துகொண்டிருந்தது.

அவரிடம் ஒரு வழக்கம். திங்கட்கிழமை கரும்பலகையில் பத்து ஆங்கிலச் சொற்களை எழுதிப் போடுவார். வெள்ளிக்கிழமைக் கட்டுரையில் அந்தப் பத்தும் வர வேண்டும். வந்த இடத்தில் பென்சிலால் அடிக்கோடு போட வேண்டும். கோட்டை எண்ணி மார்க் போடுவார். கட்டுரையைப் படிப்பதெல்லாம் எப்போதாவதுதான். சித்தப்பா கல்யாணத்தைப் பற்றி எழுதியபோது சாம்பாரை 'எக்ஸ்க்விசிட்' என்றும் பந்தியை 'பனோரமா' என்றும் எழுதி, எட்டு மார்க் வாங்கியவன் நான். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தால் வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்.

பின் பெஞ்சில் என் பக்கத்தில் அந்தோணி. கோவளத்துக்காரன். அப்பாவும் இரண்டு அண்ணன்களும் கட்டுமரத்தில் போகிறவர்கள். அந்த வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய முதல் ஆள் இவன்தான். விடுதியில் இருந்தான். அவன் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் கருவாட்டு வாசனை முதலில் வரும், சட்டை பிறகு வரும். கணக்கில் புலி. பி.எஸ்ஸி. கணக்கு படிக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சே கிடையாது. "எங்கப்பாரு ஒரு வருசம் டைம் குட்த்துக்கீறாரு மச்சான். பாஸானா படி, இல்லாங்காட்டி வலையப் புடின்னுட்டாரு."

ஒரு வெள்ளிக்கிழமைக்குத் தலைப்பு, 'கடற்கரையில் ஒரு மாலை'. அந்தோணி நிமிர்ந்து உட்கார்ந்தான். "மச்சான், இது நம்ம சப்ஜெக்ட்டு." நாங்கள் எல்லோரும் கைடைப் புரட்டினோம். அதில் சூரியன் தங்கத் தட்டாக மறைந்தது, பலூன்காரர் வந்தார், குழந்தைகள் மணல் வீடு கட்டின. இவன் கைடைத் தொடவே இல்லை. மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, தன் ஊருக்கு வேண்டிய சொற்களை நான்கு நாள் தேடினான். தார் பூசுவதற்கு 'டார்', ஏலம் விடுவதற்கு 'ஆக்‌ஷன்', அழுகல் நாற்றத்துக்கு 'ஸ்டெஞ்ச்'. ஒவ்வொன்றும் கிடைத்தபோது என் தொடையில் அறைந்தான். கரும்பலகைச் சொற்கள் ஒன்றும் அவனுக்கு ஒத்துவரவில்லை. புதிதாகக் கற்ற சொல்லுக்குத்தான் அடிக்கோடு என்று நினைத்து, தன் சொற்களுக்குக் கோடு போட்டான். நியாயமாகப் பார்த்தால் அதுதானே சரி?

அன்றைக்கு என்ன வேகமோ, விரிவுரையாளர் அவன் கட்டுரையை உரக்கப் படித்தார். தரகனைத் திட்டும் பெண்கள், நாற்றம், தார்ச் சட்டி. முன் பெஞ்சுகள் சிரித்தன. இருட்டிய பிறகும் ஒரு கட்டுமரம் திரும்பவில்லை, கரையில் யாரும் பேசவில்லை என்று ஒரு இடம் வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் அங்கே நிறுத்தினார்.

"இது பீச்சா, மீன் மார்க்கெட்டா? ஸ்டெஞ்ச், ஆக்‌ஷன், டார்! இதெல்லாம் எஸ்ஸேல வர்ற வேர்ட்ஸா?"

"சார், எங்க ஊரு பீச்சு அப்பிடித்தான் சார் கீது."

"அப்ப அங்கியே இருந்திருக்கலாமே. இங்க எதுக்கு வந்தே?"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. தாளை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். கொடுமை என்னவென்றால் அந்த மனிதரும் தெற்கே ஏதோ கிராமத்தில் தமிழில் படித்து வந்தவர்தான். தம் ஊர்க்காரர் வந்தால் கேண்டீனில் "ஏலே" போட்டுப் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். செத்துப்போனவரைத் திட்டக் கூடாது என்று என் மனைவி சொல்வாள். நான் திட்டுவேன். இத்தனை வருடமாகியும் எனக்கு ஆறவில்லை.

அதன் பிறகு அந்தோணியும் கைடை உருப்போட ஆரம்பித்தான். பல்கலைக்கழகத் தேர்வில் கட்டுரைக்கு வந்த தலைப்பு, 'உங்கள் சொந்த ஊர்'. எனக்கு அவனை நினைத்துச் சந்தோஷமாக இருந்தது. மணி அடித்து வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். அவன் முகம் வெளிறிக் கிடந்தது. "கைடுல கீற ஊரத்தான் எழுதினேன் மச்சான். மல, ஓட, ஆட்டுக்குட்டி... பாதில மறந்துபோச்சு."

"டேய், கோவளத்தை எழுதியிருக்கலாமேடா!"

"அத்த எழுதினா சிரிப்பாங்க."

கணக்கில் முழு மார்க். ஆங்கிலத்தில் போய்விட்டது. மறுபடி எழுதினான், மறுபடியும் போய்விட்டது. அவன் அப்பா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அதே கைடு ஆட்டுக்குட்டியை எழுதிய நான் பாஸாகி, பட்டம் வாங்கி, சர்க்கார் ஆபீசில் 'வித் ரெஃபரன்ஸ் டு' எழுதியே பென்ஷனும் வாங்குகிறேன்.

இப்போது பி.யூ.சி. இல்லை. சுவரெல்லாம் வெள்ளையடித்து விளம்பரம் எழுதியாகிவிட்டது. சில வருடங்களுக்கு முன் கோவளம் போயிருந்தேன். கட்டுமரங்களைக் காணோம், எல்லாம் ஃபைபர் படகுகள். அவர்கள் வலை உலர்த்திய இடத்தில் ஒரு ரிசார்ட்டின் நீண்ட மதில். அந்தோணி கண்ணில் புரை விழுந்து, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். ரொம்ப நேரம் பேசினோம். கிளம்பும்போது, இத்தனை வருடமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். "அன்னிக்கு நீ எழுதினியே, ராத்திரியாகியும் ஒரு கட்டுமரம் வரலன்னு. அது கடைசியில வந்துச்சா?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"இன்னா எழுதினேன்னு ஒண்ணும் நெனப்பில்ல மச்சான். அவங்க சிரிச்சதுதான் நெனப்புல கீது."