பதினேழு வீட்டில் ஒரே ருக்குமணி

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, ஜெலுத்தோங் அடுக்குமாடிகளில் பதினேழு வீட்டிலும் ஒரே ருக்குமணி குடியிருந்தாள். கைப்பேசியில் இருந்த வரைபடம் அப்படித்தான் சொன்னது. எந்தச் சிவப்புப் புள்ளியைத் தொட்டாலும் ‘ருக்குமணி, சாம்பார், ஊறுகாய் இரட்டிப்பு’ என்று வந்தது. கடல் தாண்டி நம் ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. முதலில் இருந்து சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நான் பன்னிரண்டு வருடமாக மதியச் சாப்பாடு சமைத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் தனியாக இருக்கும் வயசாளிகள்; பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். ஒருவருக்குப் பல் இல்லை. ஒருவருக்குச் சர்க்கரை. கடைசி வீட்டு ருக்குமணிக்கு ஊறுகாய் இரட்டிப்பாக வேண்டும். கோவிந்தனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்யப் போகிறார், உப்பு ஆகவே ஆகாது. யாருக்கு என்ன என்று நான் எங்கும் எழுதி வைத்ததில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள், என் எழுத்து சில நேரம் எனக்கே பிடிபடாது என்பது ஒரு காரணம். தேவைப்படவில்லை என்பது இன்னொரு காரணம். இத்தனை வருடத்தில் ஒரு பெட்டி மாறிப் போனதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

போன மாதம் என் முழங்காலை அறுத்து மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வாரம் படியேறக் கூடாது. எனக்குப் பதிலாகப் போக ஆ செங் ஒத்துக்கொண்டார். கீழ்வீட்டுச் சீனர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் வீடுகளை அவருக்கு எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் அப்பா பெயரை மட்டும் எழுதினால் கடிதம் வந்து சேரும். இங்கே கட்டடம், மாடி, எண் எல்லாம் வேண்டும். அதிலும் நாலு என்ற எண் சீனர்களுக்கு ஆகாது என்பதால் நாலாம் மாடிக்கு 3A என்று பெயர். மருமகள் கவிதா தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், வார இறுதியில் கணினி வகுப்புக்குப் போகிறாள். “நீங்க சொல்லுங்க அத்தை, நான் மேப் செஞ்சு தர்றேன்” என்றாள். நான் சொன்னேன். அவள் தட்டினாள். பெட்டிகள் மேல் பெயர்ச்சீட்டும் அவளே ஒட்டினாள். எனக்கு அறுவை அடுத்த வாரம் என்பதால் வெள்ளிக்கிழமை ஆ செங்கை அனுப்பிப் பார்த்தோம்.

பன்னிரண்டரைக்கு அவர் திரும்பி வந்தார். பதினேழு பெட்டியில் பதினாறு அப்படியே இருந்தன. சந்தை மலாயும் தமிழும் கலந்து, பேச்சுக்குப் பேச்சு ஒரு ‘லா’ போட்டுப் பேசுவார்.

“ஆன்டி, இந்த ருக்குமணி ரொம்ப பணக்காரி லா. பதினேழு வீடு வெச்சிருக்கா. ஆனா சாப்பாட்டுப் பெட்டி ஒண்ணுதான் கட்டியிருக்கீங்க.”

“மத்தவங்களுக்கு ஏன் குடுக்கல?”

“மத்தவங்க பேர் எங்க இருக்கு? ஒருத்தர் சாப்பாட்ட இன்னொருத்தருக்குக் குடுக்கறது பாவம் லா.”

“அந்த ஒரு பெட்டிய எங்க குடுத்தீங்க?”

“மொத வீட்ல.”

முதல் வீடு கோவிந்தன் வீடு. நான் ஆ செங்கின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன். இந்த முழங்காலோடு எப்படி ஏறினேன் என்று டாக்டரிடம் நான் சொல்லவில்லை. கோவிந்தன் கதவைத் திறந்தபோது வாயை மூடியபடியே இருந்தார்.

“என்னத்த வாயில போட்டிருக்க?”

அவர் விழுங்கினார். “ஒரே ஒரு துண்டு மாங்கா ஊறுகா, அக்கா. மூணு வருசமாச்சு.”

“சாம்பாரு?”

“இன்னும் தொடல. அதுக்குள்ள வந்துட்டீங்க.” குரலில் மனக்குறை இருந்தது.

பெட்டியைப் பிடுங்கி அவருடைய உப்பில்லாச் சோற்றை வைத்தேன். மற்றப் பதினாறு பெட்டிகளையும் ஆ செங் தூக்கிவர, நானே ஒவ்வொரு வாசலாக நின்று எது யாருக்கு என்று சொன்னேன். ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் அடுத்த வாரம் நான் வாசலில் நிற்கப் போவதில்லை.

சாயந்தரம் கவிதா கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, தான் கணினிக்கு எழுதிக் கொடுத்ததில் ஒரு பிழை என்று ஒத்துக்கொண்டாள். அதை எனக்கும் விளக்கினாள்.

“அத்தை, இது ஒவ்வொரு முகவரியா அனுப்பி, இந்த வீடு மேப்ல எங்க இருக்குன்னு கேக்கும். பதில் ஒடனே வராது. அது வர்றதுக்குள்ள இது அடுத்த வீட்டையும் கேட்டுரும். பதில் வந்தா இந்த வேலைய செய்யின்னு சொல்லி வெச்சிருக்கேன். அதுக்கு கால்பேக்னு பேரு.”

“வந்தா அந்தந்த ஆள் பேர எழுத வேண்டியதுதானே?”

“அங்கதான் தப்பு. பேர் எழுத ஒரே பலகைதான் குடுத்திருக்கேன். கோவிந்தன்னு எழுதி, அழிச்சு, அடுத்த பேர எழுதி, கடைசியில ருக்குமணி. பதில் எல்லாம் வந்து பாக்கறப்ப பலகையில ருக்குமணிதான் நிக்கிறா.”

“எந்தப் பலகை?”

“நெசப் பலகை இல்ல அத்தை.”

“அது தெரியுது.”

பழைய காலத்து மாதிரி ஒன்றைப் பார்த்து எழுதிவிட்டாளாம். பலகை கேட்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘வார்’ என்று இருந்ததை ‘லெட்’ என்று மாற்றினாள். மூன்று எழுத்து. இனி ஒவ்வொரு கேள்விக்கும் தனிப் பலகை. பதில் எத்தனை தாமதமாக வந்தாலும், அந்த வேலை தன் பலகையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். அப்படிக் கூடவே வைத்திருப்பதற்குக் குளோஷர் என்று பெயர் என்றாள். நான் தலையாட்டினேன். விளங்காமல் ஆட்டவில்லை.

கல்யாணமாகிக் கப்பலில் இங்கே வந்த மூன்றாம் வருடம், தங்கைக்குக் கல்யாணம் என்று தெரிந்து, ‘கைக்குழந்தையோடு வரட்டுமா’ என்று அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா எழுதிக் கொடுத்தார். பதில் வரவில்லை. அதற்குள் ஊரிலிருந்து வந்த ஒருவர், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றார். உடனே இன்னொரு கடிதம்: ‘அப்பாவைப் பார்க்க வரட்டுமா?’ இரண்டு வாரத்தில் அம்மாவின் பதில் வந்தது. ‘வர வேண்டாம். இங்கே எல்லாம் நல்லபடி நடக்கும். பிள்ளையைப் பார்த்துக்கொள்.’ எதைக் கேட்டதற்கு இந்தப் பதில் என்று அதில் இல்லை. என் மனதில் அப்போது அப்பா மட்டும்தான் இருந்தார். அதனால் அப்பாவுக்குத் தேவலை என்று எடுத்துக்கொண்டேன். அந்த வாரம் புறப்பட்ட கப்பல் நான் இல்லாமல் போய்விட்டது. பதினொரு நாள் கழித்து இரண்டாவது கடிதத்துக்குப் பதில் வந்தது: ‘உடனே வா.’ அடுத்த கப்பலுக்கு முன்னால் தந்தி வந்துவிட்டது. இதை நான் கவிதாவிடம் சொல்லவில்லை. அவளும் பாவம், ஊறுகாய்க்கே முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

அறுவை முடிந்து மூன்றாம் நாள், மருத்துவமனைக் கட்டிலில் கைப்பேசியை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆ செங் ஒரு வீட்டில் கொடுத்துவிட்டால் அந்தப் புள்ளி பச்சையாகும்படி கவிதா செய்திருந்தாள். முதலில் கோவிந்தன் பச்சையானார். தொட்டுப் பார்த்தேன். ‘கோவிந்தன், உப்பு வேண்டாம்.’ ஒரு மணிக்குள் பதினேழும் பச்சை. நான் இல்லாமலே. சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம் கழித்து.

“வேற எந்த வீட்டையாச்சும் சேக்கணுமா அத்தை?” என்று கேட்டாள் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்த கவிதா.

“எங்க அப்பா வீடு.”

“நம்பர்?”

“கெடையாது. குளத்துக்கு வடக்கால.”

குளத்தைத் தேடிப் பிடித்து அவள் கையாலேயே ஒரு புள்ளி வைத்தாள். உடனே வரைபடம், எல்லாப் புள்ளியும் தெரிய வேண்டும் என்று தானாகப் பின்வாங்கியது. கடலுக்கு வலப்பக்கம் பதினேழு வீடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே பொட்டாயின. இடப்பக்கம் அப்பா வீடு ஒரு பொட்டு. நடுவில் நீலம். விரலால் விரித்தேன், ஜெலுத்தோங்கின் வாசல்கள் ஒவ்வொன்றாக வந்தன, அப்பா வீடு திரையின் ஓரத்தில் நழுவிப் போனது. திரும்பச் சுருக்கினேன். இரண்டும் தெரிந்தன. எந்த வாசலும் தெரியவில்லை.