தீனி டப்பா

என் சித்திக்கு மீன்தொட்டி பராமரிக்கிற வேலை. ஆஸ்பத்திரி, ஆபீஸ், பணக்கார வீடு என்று ஊரெல்லாம் அவள் தொட்டிகள். தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வந்து வீட்டில் கால் தரிக்காமல் கிடந்த என்னை, "சும்மா சுத்துறதுக்கு வாளியாவது தூக்குடி" என்று வேனில் ஏற்றிக்கொண்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு பெருமை: அவள் கை பட்ட மீன் சாகாது. செத்தால் அது தொட்டிக்காரர்கள் செய்த தப்பு.

பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் செடி வளர்க்கும் மீன்தொட்டிக்குப் புதுமண் போட்டிருந்தாள். உரமேற்றிய மண். ஆரம்பத்தில் அதிலிருந்து அம்மோனியா கசியும். அது அடங்கும்வரை மீன் விடக்கூடாது. டாக்டரம்மா அவசரப்படுத்தியதில் சித்தி மீனை விட்டுவிட்டாள். சோதனைக் குழாயில் தண்ணீர் பச்சையானது. பச்சை என்றால் அம்மோனியா. அதை அடக்கும் மருந்தை ஊற்றினாள். சோதித்தாள், பச்சை. இன்னும் ஊற்றினாள், அப்போதும் பச்சை. மறுநாள் மீன்களெல்லாம் செத்து மிதந்தன.

"யாரு தீனிய இப்படி அள்ளிக் கொட்டினது?" வரவேற்பு மேசைப் பெண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"ஒரு சிட்டிகைதாங்க்கா போட்டேன்."

"உன் சிட்டிகை என்ன, மொறம் அளவா?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து அத்தனை பேர் முன்னாலும் அந்தப் பெண்ணை வாங்கு வாங்கென்று வாங்கினார். தீனி டப்பாவைப் பிடுங்கிச் சித்தியிடம் கொடுத்தார்.

திரும்பும்போது, சிக்னலில் பொழுது போகாமல், மருந்து பாட்டிலின் பொடி எழுத்தை உரக்கப் படித்தேன். மருந்து அம்மோனியாவைப் பிடித்து விஷமில்லாமல் ஆக்கிய பிறகும் சோதனையில் பச்சைதான் காட்டும். அளவு மீறினால் தண்ணீரில் பிராணவாயு குறையும்.

"இன்னொரு தடவ படி."

படித்தேன். பின்னால் ஹாரன் அலறியது. வண்டி நகரவில்லை.

"மூச்சு முட்டித்தான்டி செத்திருக்கு," என்றாள்.

"திரும்பிப் போய்ச் சொல்லிடலாமே, சித்தி?"

"இப்போ கூட்டமா இருக்கும்."

அதற்குப்பின் அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றி ஓட்டினாள். சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு கிழித்தபடி, "அந்தப் பொண்ணு மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குது," என்பாள். சோறு அப்படியே இருக்கும்.

கிளினிக் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் நாள் வந்தது. இனித் தள்ளிப்போட வழியில்லை.

"டாக்டரம்மா, மீனைக் கொன்னது நான்தான். மருந்த அளவில்லாம ஊத்திட்டேன். இவ மேல ஒரு தப்பும் இல்ல," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சரி விடுங்க. புது மீன் எப்போ வரும்?" என்றார் டாக்டரம்மா, கையுறையைக் கழற்றியபடி.

சித்தி தீனி டப்பாவை மேசைமேல் வைத்தாள். "மன்னிச்சிரும்மா."

அந்தப் பெண் நாற்காலிகளில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தாள்.

"அன்னிக்கு உக்காந்திருந்தவங்க வேறக்கா. இவங்க இல்ல."

சித்தி வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். நாங்கள் கிளம்பும்வரை டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது.