டிரம்மில் விழுந்த இரண்டாவது அடி

எங்கள் டிரம்மர் இறந்து ஒன்றரை மாதம் இருக்கும். கரமனை பக்கம் ஓர் ஆடிட்டோரியத்தில் கல்யாணத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது அவன் மிதிப்பது எனக்குக் கேட்டது. டிரம்மர்கள் வலது காலால் பெடலை மிதித்து அடிப்பார்களே, படுத்துக் கிடக்கும் பெரிய டிரம், கிக் என்போம், அதன் சத்தம். நேரம் மத்தியானம் பன்னிரண்டரை. கீழே இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் டிரம்மில் இருந்தவர் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் புதிய ஆள். அவர் மிதித்தார், தும் என்று ஒன்று விழுந்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால், இமை மூடித் திறப்பதற்குள், இன்னொன்று விழுந்தது. என் விரல் அந்த இரண்டாவதோடுதான் போய்ச் சேர்ந்தது.

பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. திரும்பிப் பார்த்தேன். புதிய டிரம்மர் சூயிங்கம் மென்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பாட்டு முடிந்ததும் சவுண்ட்காரனிடம் போய், கிக்குக்கு எக்கோ ஏதாவது விட்டிருக்கிறானா என்று கேட்டேன். "எக்கோ ஒண்ணும் இல்ல சேட்டா" என்று மிக்ஸரைக் காட்டினான். எனக்கு அந்த மிக்ஸர் சாட்சி தேவைப்படவில்லை. அது யாருடைய கால் என்று எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் அந்தக் காலுக்கு அரையடி தள்ளி நின்றிருக்கிறேன்.

தம்பானூரில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் நான் கிளார்க். ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் பேஸ் கிட்டார். அவன் சாலை பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடையில் சேல்ஸ்மேன். என்னைவிட ஏழு வயது இளையவன். அவன் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம், என்னுடையது நாஞ்சில்நாடு. எங்கள் பாட்டு ட்ரூப்பில் மற்ற எல்லோரும் மலையாளிகள் என்பதால், எங்கள் இரண்டு பேருக்கும் தமிழில் குசுகுசுக்க ஒரு தனி ஊர் இருந்தது. பாடகர் சுதி விட்டால் நாங்கள் தமிழில் சிரிப்போம்.

ஒத்திகை நடப்பதும் சாலை பஜாரில்தான், ஒரு மிளகாய் வற்றல் குடோனுக்கு மேலே. கீழே மூட்டை பிரித்தால் மேலே எல்லோரும் தும்மிக்கொண்டே வாசிப்போம். மிளகாய்த் தூசி ஆம்ப்ளிஃபயரின் குமிழ்களுக்குள் புகுந்து, திருகும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வைத்தே யார் என் ஆம்பில் கை வைத்தார்கள் என்று வெளியே டீக்கடையில் நின்றபடி கண்டுபிடித்துவிடுவேன். கை வைப்பது எப்போதும் அவன்தான்.

குமிழ்களின் நிலையைக் கடிகார முள்ளை வைத்துச் சொல்வது எங்கள் வழக்கம். நேர் மேலே இருந்தால் பன்னிரண்டு மணி. என் ஆம்ப் இப்படி இருக்கும்: அடிச்சத்தம் பேஸ் மூன்று மணி, நடுச்சத்தம் மிட் ஒன்பது மணி, மேல்சத்தம் ட்ரெபிள் பத்து மணி. அடியில் வெண்ணெய் மாதிரி உருண்டு வரும் சத்தம். பதினைந்து அங்குல ஸ்பீக்கர் அதை வெளியே தள்ளும்போது என் முட்டிக்காலுக்குப் பின்னால் பேன்ட் துணி ஆடும். அந்த ஆட்டத்துக்காகவே நான் இந்த வேலைக்கு வந்தேன். அவன் என்ன செய்வான் என்றால், நான் டீக்குப் போன நேரம் பார்த்து மிட்டை ஒரு மணிக்குத் திருப்பி வைப்பான். திரும்பி வந்து வாசித்தால் சத்தத்தில் எலும்பு தெரியும், விரல் கம்பியில் படும் டக் கூடக் கேட்கும். எனக்குச் சுர்ரென்று ஏறும்.

"ஆம்புல கை வைக்காதன்னு எத்தன தடவல சொல்லியது?"

"கோவிக்காதீங்க அண்ணாச்சி. நீங்க தொடங்குத எடம் கேக்க மாட்டுக்கு. வெறும் பொம்முன்னு வருது. எங்க தொடங்குதுன்னு தெரிஞ்சாத்தானே நான் சேர்ந்து மிதிக்க முடியும்."

"நீ ஒன் கால ஒழுங்கா மிதி. பின்னே எல்லாம் தன்னால சேரும்."

அடுத்த ஞாயிறு ஆபீசிலிருந்து ஒயிட்னர் கொண்டுவந்து, ஒவ்வொரு குமிழுக்கும் நேராக வெள்ளைப் பொட்டு வைத்தேன். யாராவது மயிரிழை நகர்த்தினாலும் தெரியட்டும் என்று. அவன் பொட்டுகளைப் பார்த்தான். "சாமிக்குச் சாத்தின மாதிரி இருக்கு" என்று சிரித்தான். அதற்கப்புறம் அவன் அதைத் தொடவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பிறகு எங்கள் ட்ரூப்புக்கு க்ளிக் வந்தது. ட்ரூப்பை நடத்துகிற கீபோர்டுக்காரர் லேப்டாப் வாங்கினார். அதிலிருந்து டிக் டிக் என்று தாளக்கணக்கு காதில் வரும், அதோடு ஒட்டி வாசிக்க வேண்டும். கீபோர்டுக்காரர் காதில் இயர்போன் மாட்டினார், டிரம்மர் மாட்டினான். நான் மாட்டவில்லை. காதுக்குள் ஒருத்தன் உட்கார்ந்து உத்தரவு போட்டால் எனக்கு வாசிக்க வராது என்று சொல்லிவிட்டேன். மூப்பு என்று ஒன்று இருக்கிறதே, யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

க்ளிக் வந்த சில மாதங்களில் பாட்டு இழுக்க ஆரம்பித்தது. கீபோர்டு ஒரு பக்கம் போகும், கீழே தாளம் நொண்டும். பாடகர் நடுவில் நின்று தவிப்பார். ஒரு ரிசப்ஷனில் வேகமான ஆட்டப் பாட்டு ஒன்று நடுவில் கலைந்தேபோனது. ஆடிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் நண்பர்கள் நின்றுவிட்டார்கள். பாடகர் திரும்பி டிரம்மில் இருந்த அவனையும் என்னையும் முறைத்தார். யார் என்று கேட்கிற முறைப்பு. நான் யோசிக்கவே இல்லை. கையில் இருந்த பேஸ் கிட்டாரின் கழுத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன். கடையில் சரக்கைக் காட்டுவது போல அவ்வளவு சாதாரணமாகக் காட்டினேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் கீபோர்டுக்காரரிடம் வாயாலும் சொன்னேன். அவன் கால் லேட்டாகிறது, கொஞ்ச நாளாகவே இப்படித்தான், நான்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று. கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவன் ஸ்டாண்டுகளை மடக்கிக்கொண்டிருந்தான், எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஏதாவது திருப்பிச் சொல்வான் என்று எதிர்பார்த்து நானும் வாய்க்குள் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவன் தன் வலது காலைக் குனிந்து பார்த்தான். ஷூவைக் கழற்றி, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான். அடுத்த நிகழ்ச்சிக்குக் கீபோர்டுக்காரர் அவனைக் கூப்பிடவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு நாள் காலை தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே நெஞ்சு வலித்து விழுந்து இறந்துபோனான். என் ஆபீசிலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷம். இடையில் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. வீட்டுக்குப் போனேன், வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு உள்ளே போகாமல் திரும்பினேன். கூட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவ்வளவு கூட்டம் ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் இந்த இரண்டாவது அடி. கரமனையில் ஒரு நாள் கேட்டதோடு நிற்கவில்லை. எந்த மேடையிலும் வந்தது. ஆம்பை வலப்பக்கம் மாற்றி வைத்தேன், வந்தது. டிரம்முக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்றேன், அப்போதும் வந்தது. புதியவர் ஒன்று மிதிப்பார், பின்னாலேயே அவன் ஒன்று மிதிப்பான். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த இரண்டாவது அடியில் போய் என் விரல் இறங்கும்போது பழைய நிம்மதி வரும். கோபத்தோடு வந்து நிற்கிறானா, துணைக்கு வந்து நிற்கிறானா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு நாள் ஒத்திகையில் கீபோர்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சேட்டா, தப்பா நினைக்கண்டா. பேஸ் லேட்டாணு." புதிய டிரம்மரும் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பதினோரு வருஷம் வாசித்தபோது வராத லேட் இப்போது எங்கிருந்து வந்தது என்று கத்தினேன். பழைய நிகழ்ச்சி ரெக்கார்டிங் இருக்கிறதல்லவா, அதைத் திறங்கள், அன்றைக்கு யார் லேட் என்று பார்த்துவிடலாம் என்று நானேதான் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு காலை கீபோர்டுக்காரர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். பாட்டு கலைந்துபோன அந்த ரிசப்ஷன்தான், அந்த ஆட்டப் பாட்டே. மிக்ஸரிலிருந்து ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி டிராக்காகப் பதிவாகியிருந்தது. திரையில் க்ளிக் விழும் இடங்கள் செங்குத்துக் கோடுகளாக நின்றன. அதற்குக் கீழே அவன் கிக், அதற்கும் கீழே என் பேஸ். முதல் எட்டு பாருக்கு, அதாவது எட்டு தாளச் சுற்றுக்கு, நான் கிடையாது, கீபோர்டும் டிரம்மும் மட்டும். ஒவ்வொரு மிதியும் கோட்டின் மேலேயே போய் நின்றது, அளவெடுத்து ஆணி அடித்தது போல.

ஒன்பதாவது பாரில் நான் நுழைந்தேன். கோட்டைத் தாண்டி, பின்னால் விழுந்தேன். அடுத்ததும் அப்படியே. இரண்டு பார் அவன் கிக் கோட்டில் நின்றது. பதினோராவது பாரில் அது மெல்ல நகர்ந்து பின்னால் வந்தது. பன்னிரண்டாவதில் என் பேஸும் அவன் கிக்கும் நூல் பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று நின்றன, இரண்டும் கோட்டுக்கு வெளியே. நடுவில் நான் நிறுத்தும் இடம் ஒன்று வரும். அங்கே அவன் உடனே கோட்டுக்குத் திரும்பிப் போயிருந்தான். நான் மறுபடி வந்ததும் மறுபடி இறங்கி வந்திருந்தான். காதில் டிக் டிக் என்று ஒரு கணக்கு கேட்டுக்கொண்டிருக்க, அதை விட்டுவிட்டு என்னிடம் வந்திருந்தான்.

கீபோர்டுக்காரர் அதை முதலிலிருந்து இன்னொரு தடவை ஓட்டினார். பிறகு மெதுவாக, "அவன் சேட்டனைக் காத்து நின்னதாணு" என்றார். நான் வேறு பாட்டைத் திறக்கச் சொன்னேன். நாலு பாட்டு திறந்தோம். நாலிலும் அதுதான்.

புதிய டிரம்மர் யாருக்காகவும் காத்து நிற்பதில்லை. அதனால்தான் என் காதில் இரண்டு அடி. அவன் இறப்பதற்கு முன்பும் அது கேட்டிருக்கும், புதியவரின் தடுமாற்றம் என்று விட்டிருப்பேன். பின்னால் விழுந்த அந்த அடியை அடித்துக்கொண்டிருந்தவன் நான். என் சத்தத்தின் தொடக்கத்தை நானே வெண்ணெயில் முக்கி வைத்திருந்ததால் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. அவன் மிட்டைத் திருப்பியது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. நான் எங்கே வந்து விழுவேன் என்று இருட்டில் கை நீட்டித் தேடியிருக்கிறான். பேய் இல்லை என்று தெரிந்ததும் பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, பெரிதாகியது. பேயாக இருந்திருந்தால் அவன் என்னோடாவது இருந்திருப்பான்.

அவனுக்கு இது தெரியுமா? என்னைக் காட்டிக்கொடுக்காமல் தெரிந்தே வாயை மூடிக்கொண்டு போனானா? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. தெரிந்துதான் போனான் என்றால் எப்படியாவது தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவன் கிக் டிராக்கை மட்டும் தனியாகப் போனில் போட்டு வாங்கிக்கொண்டேன். மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, மத்தியானம் சாலை பஜாருக்குப் பின்னால் சந்தில் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை செருப்பைக் கழற்றினேன்.

அவன் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து நாரங்கா வெள்ளம் கலக்கிக் கொடுத்தாள். சொல்ல வந்ததை நான் சுற்றி வளைத்தேன். கடைசி நாட்களில் வாசிப்பைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று கேட்டேன்.

"கால் கேடாயிட்டுன்னு சொல்லிட்டே இருந்தாரு அண்ணாச்சி. டாக்டர்ட்ட போயி நரம்புல ஊசி குத்தி டெஸ்டெல்லாம் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அவரு நம்பல்ல. கடையில இருந்து வந்ததும் இந்தா, நீங்க இருக்க நாற்காலியில இருந்துக்கிட்டு, போன்ல டிக் டிக்குன்னு வச்சுக்கிட்டு தரையில மிதிப்பாரு. லேட்டா இருக்கா பாருன்னு என்கிட்ட கேப்பாரு. சரியாத்தானே இருக்குன்னு சொல்லுவேன். ஒனக்குத் தெரியாது, அண்ணாச்சிக்குத்தான் தெரியும்பாரு."

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. தன் கால் தன்னை அறியாமல் எனக்காகக் காத்து நின்றது அவனுக்கே தெரியாமல் போயிருக்கிறது. நான் சொன்னதை நம்பி, நல்ல காலைக் கெட்ட கால் என்று எண்ணிக்கொண்டு செத்துப்போயிருக்கிறான்.

"தங்கச்சி, அவன் கால் நல்லாத்தான் இருந்தது. லேட்டானது நான்" என்றேன். கோடு, பார், க்ளிக் என்று ஏதேதோ உளறினேன். அவள் முகத்தில் எதுவும் ஏறவில்லை. அதனால் போனை எடுத்து, அந்த டிராக்கைப் போட்டு, மேசைமேல் வைத்தேன்.

தும், தும், தும் என்று அவன் மட்டும். வேறு ஒரு சத்தமும் இல்லை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவளுக்குப் பாட்டில் பெரிய ஞானம் கிடையாது, ட்ரூப்பின் நிகழ்ச்சிக்கே இரண்டு மூன்று தடவைதான் வந்திருக்கிறாள். எட்டு பார் போனது. ஒன்பது, பத்து. பதினோராவதில் மிதி பின்னால் இறங்கியது, அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"நீங்க வந்தது இங்கயா அண்ணாச்சி?"

அந்த டிராக்கில் என் வாசிப்பு ஒரு துளிகூட இல்லை.

"ஆமா" என்றேன்.

அவள் கை நீட்டிப் போனை நிறுத்தினாள். வெளியே சுமட்டுக்காரர்கள் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. போனை என் பக்கம் தள்ளினாள்.

"அதுக்கு முன்னால உள்ளத மட்டும் இன்னொரு தடவ போடுங்க" என்றாள்.