அவள் சைக்கிளில், நான் வேனில்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. "எங்கே சார் காணோம்?" என்று நாலைந்து பேர் கார்டு போட்டிருந்தீர்கள். சொல்கிறேன். நான்கு நாள் முழுக்க ஃபர்ஸ்ட் கியரில் இருந்தேன்.

என் மனைவி பத்மாவுக்கு ஐம்பத்தோரு வயசு. பேங்க்கில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்து ஒரு வருஷம் ஆகிறது. அவளோடு வெளியே வந்தவர்கள் எல்லாம் ஸ்லோகம் கிளாஸ் போகிறார்கள், சீரியல் பார்க்கிறார்கள், அமெரிக்காவில் பேரனைக் குளிப்பாட்டப் போகிறார்கள். இவள் கியர் சைக்கிள் வாங்கினாள். முதலில் எங்கள் மல்லேஸ்வரம் வீட்டிலிருந்து பக்கத்து ஏரி சாங்கி டாங்க் வரை. அப்புறம் தேவனஹள்ளி. அப்புறம் நந்தி ஹில்ஸ். சரி, முழங்காலுக்கு நல்லதுதானே என்று நானும் சும்மா இருந்தேன்.

ஒரு நாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "ஜூலைல தலைக்காவேரி போறேன்" என்றாள்.

"பஸ்ஸுக்கு புக் பண்ணட்டுமா?"

"சைக்கிள்ல."

குடகில் ஜூலை மழை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ. நம் ஊர் மழை மாதிரி வந்து, பெய்து, போகிற மழை இல்லை அது. குடித்தனம் வந்துவிடும். ஒரு வாரம் சூரியன் கிடையாது. துவைத்த துணியை அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்பார்கள். அந்த மழையில், இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல், கடைசியில் ஒரு மலை. எதற்கு?

"மழையில மலை ஏறணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றாள்.

"யாருக்காக இந்தக் கஷ்டமெல்லாம்?"

"எனக்காக. வேற யாருக்காகவும் இல்லை."

தெளிவாகத்தான் சொன்னாள். நான்தான் சட்னியில் கவனமாக இருந்துவிட்டேன். அதுதான் பின்னால் வந்த அத்தனை வினைக்கும் ஆரம்பம்.

தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் ஒரு சமரசம். அவள் சைக்கிளில் போவாள். நான் பின்னாலேயே எங்கள் பழைய வேனில் வருவேன். வேனில் டியூப், பம்ப், வாழைப்பழம், குளுக்கோஸ், அவளுடைய மாற்று உடை. ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்: "வேன்ல ஏறுன்னு சொல்லக் கூடாது." ஒப்புக்கொண்டேன். ராமநகரம் தாண்டுவதற்குள் பதினோரு தடவை சொன்னேன்.

சைக்கிளுக்குப் பின்னால் வேன் ஓட்டியிருக்கிறீர்களா? ஓட்டாதீர்கள். முன்னால் போனால் அவள் கண்ணில் படமாட்டாள். பின்னால் போனால் உலகத்தில் உள்ள அத்தனை ஹாரனும் நமக்குத்தான். கால் கிளட்ச்சிலேயே இருக்கும். கண்ணாடியில் ஆவி. துடைத்தால் இன்னும் ஆவி. வைப்பர் இடது பக்கம் மட்டும் வேலை செய்தது. அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஊர் உலகம் பேசிய பேச்சு இருக்கிறதே...

மத்தூரில் வடை சாப்பிட நிறுத்தினோம். பத்மா ரெயின்கோட்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். பக்கத்து டேபிள் பெரியவர் அவளைப் பார்த்தார், வெளியே சைக்கிளைப் பார்த்தார், வேன் சாவியோடு காய்ந்த சட்டையில் இருந்த என்னைப் பார்த்தார். கன்னடத்தில் நிதானமாகக் கேட்டார்: "அம்மாவை மழையில மிதிக்க விட்டுட்டு, நீங்க வேன்ல வர்றீங்களா?"

"அவங்களுக்குப் பிடிச்சிருக்கு சார்."

"பிடிச்சிருக்கா? மழையிலயா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் வடை தொண்டையில் இறங்குமா?

ஹுன்சூர் தாண்டி, புகையிலைக் காட்டு ஓரத்தில், நாமக்கல் லாரி ஒன்று என்னை மறித்து நின்றது. டிரைவர் இறங்கி, மழையில் நனைந்துகொண்டே வந்து கண்ணாடியைத் தட்டினார். தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம், நம்ம ஆள் என்று. "ஏனுங்க, உங்களுக்கே நல்லாருக்குதுங்களா?" என்றார். "அக்கா அந்த மிதி மிதிக்குது. நீங்க பாட்டுக்கு வண்டில குந்திக்கிட்டு வர்றீங்க. வீட்டுச் சண்டைன்னா வீட்டோட வெச்சுக்கோங்க." நம்மை இவ்வளவு மரியாதையாக ஒருவர் திட்டினால் பதில் சொல்லவும் முடியாது.

குஷால்நகர் செக்போஸ்ட்டில் ஒரு கான்ஸ்டபிள். என்னை ஓரம் கட்டச் சொன்னார். பத்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில், "அம்மா, பயப்படாம சொல்லுங்க. வீட்ல ஏதாவது கஷ்டமா?" என்று விசாரித்தார். அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். அவர் நம்பவில்லை. என் லைசென்ஸை மட்டும் இரண்டு முறை படித்தார்.

முப்பது வருஷமாக மல்லேஸ்வரத்தில் கௌரவமாக வாழ்ந்தவன் நான். மூன்றே நாளில் பெண்டாட்டியை வதைக்கும் கிராதகன் ஆகிவிட்டேன். எரிச்சலில் தலை வெடிக்கும் போலிருந்தது.

மூன்றாம் நாள். ஏற்றம் ஆரம்பித்தது. மழை மேலிருந்து வரவில்லை, பக்கவாட்டிலிருந்து வந்தது. சுண்டிகொப்பாவில் ஒரு சின்ன ஹோட்டல். பத்மா வெளியே செயின் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் காபிக்காக உள்ளே போனேன். கல்லாவில் இருந்த அம்மா வாயைத் திறந்தார். "சார், நீங்க மனுஷன்தானா..." என்று தொடங்கியதுமே எனக்குள் என்னமோ அறுந்துவிட்டது.

"ஹரகே அம்மா" என்று சொல்லிவிட்டேன். ஹரகே என்றால் கன்னடத்தில் வேண்டுதல். "தலைக்காவேரிக்கு சைக்கிள்லயே வர்றதா வேண்டிக்கிட்டாங்க."

அவ்வளவுதான். அந்த அம்மா கைகூப்பினார். மூலையில் காபி குடித்துக்கொண்டிருந்த பஸ் கண்டக்டர் எழுந்து நின்றார். உள்ளேயிருந்து பத்மாவுக்கு வெந்நீர் போயிற்று, காய்ந்த டவல் போயிற்று. மூன்று நாளாக நான் உண்மையைச் சொல்லிச் சொல்லி வாங்கிய வசவுக்கு, ஒரு பொய்யில் இப்படி ஒரு மரியாதையா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது.

"யாருக்காக வேண்டுதல்?" என்றார் அந்த அம்மா.

இதை நான் யோசிக்கவில்லை. வேண்டுதல் என்றால் யாருக்காவது இருக்க வேண்டுமே. "எனக்காகத்தான். ஹார்ட்..." என்று இழுத்தேன்.

"பாப!" என்றார். அய்யோ பாவம் என்று அர்த்தம். என் முன்னால் இருந்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பதிலுக்கு உப்பில்லாத கஞ்சி வந்தது.

அந்தக் கண்டக்டர் அதே ரூட்டில் ஓடுகிறவர். சாயங்காலம் நாங்கள் மடிக்கேரி போய்ச் சேர்வதற்கு முன்பே விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. லாட்ஜில், "நீங்க படி ஏற வேண்டாம் சார்" என்று எனக்குக் கீழ் ரூமைத் திறந்தார்கள். என் பையை ஓடிவந்து வாங்கினார்கள். முப்பது கிலோமீட்டர் மலை ஏறி வந்தவள் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். மேனேஜர் அவளிடம், "கவலைப்படாதீங்கம்மா, காவேரித் தாய் உங்க யஜமானரைக் காப்பாத்துவா" என்றார்.

ரூம் கதவைச் சாத்தியதும், "யஜமானருக்கு என்ன?" என்று கேட்டாள்.

சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. கட்டிலில் உட்கார்ந்து, ஊறி வெளுத்துப்போன விரல்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இருபத்தேழு வருஷம் பேங்க்குக்குப் போனேன். எனக்கு அந்த வேலை பிடிச்சிருந்தது. ஒருத்தர் நம்பலை. 'பாவம், குடும்பத்துக்காக உழைக்கிறா'ன்னாங்க. உங்க அம்மாவும் அதான் சொன்னாங்க, எங்க அம்மாவும் அதான் சொன்னாங்க. இந்த ஒண்ணையாவது எனக்குன்னு செய்யலாம்னு கிளம்பினேன். இதையும் உங்க பேருக்கு எழுதிட்டீங்களா?"

"ஊரே என்னைத் திட்டுது பத்மா" என்றேன்.

"உங்களைத் திட்டினாங்க. நான் மிதிச்சேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

மறுநாள் பாகமண்டலா வரை வாழைப்பழத்தைக்கூடத் தானே சுமந்துகொண்டு மிதித்தாள். அங்கிருந்து கடைசி எட்டு கிலோமீட்டர். ரோடு சுவர் மாதிரி நிற்கிறது. மழையோடு மூடுபனியும் சேர்ந்துகொண்டது. ஹெட்லைட் போட்டாலும் அவளுடைய மஞ்சள் ரெயின்கோட் மட்டும்தான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு எரிச்சல் இல்லை. பயம். பள்ளத்துப் பக்கம் தடுப்புச்சுவர் பாதி இடத்தில் இல்லை.

பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டாள். காலை ஊன்றிக்கொண்டு ஹேண்டில்பார் மேல் குனிந்திருந்தாள். வேனை நிறுத்திவிட்டு ஓடினேன். கை விறைத்து பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை அவளுக்கு. உதடு நீலமாக இருந்தது.

"போதும்மா, ஏறிடு" என்றேன். பன்னிரண்டாவது தடவை.

அவள் வேனைப் பார்த்தாள். ஏறிவிடுவாள் என்றுதான் தோன்றியது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து பஸ் வந்தது. அதே கண்டக்டர். ஜன்னலெல்லாம் கோயிலுக்குப் போகிற பெண்கள். அவர் படியிலிருந்து இறங்கி, கைகூப்பிக்கொண்டு, பதற்றமாகச் சொன்னார்: "அம்மா, நடுவுல நிறுத்திடாதீங்க. வேண்டுதல் முறிஞ்சா யஜமானர் உயிருக்கு ஆகாது." ஜன்னல்களிலிருந்து பெண்கள், "இன்னும் கொஞ்சம்தாம்மா, அவருக்கு நல்லாயிடும்" என்றார்கள்.

பத்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இந்தப் பத்தியில் எழுத எனக்குத் தெம்பில்லை.

யோசித்துப் பாருங்கள். வேனில் ஏறினால், என்னைக் கொன்றவள். ஏறாவிட்டால், என்னைக் காப்பாற்றியவள். எப்படிப் பார்த்தாலும் நான்தான். அவளுக்கென்று அந்த ரோட்டில் ஓர் அடிகூட நான் மிச்சம் வைக்கவில்லை. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பஸ் நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் வரவில்லை. வெட்கக்கேடு.

அவள் இரண்டு கையையும் அக்குளில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டாள். பெடலில் காலை வைத்தாள். பஸ் போயிற்று. எட்டடி, பத்தடி, நிற்பாள். மறுபடி எட்டடி. நான் பின்னால் வந்தேன். அந்த நாலு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு தடவைகூட ஏறு என்று சொல்லவில்லை.

மேலே கோயில். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்டப் படியேறினாள். பஸ் பெண்களும் கண்டக்டரும் எங்களுக்காகவே காத்திருந்து, அர்ச்சனைக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் வழிவிட்டு, என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். நோயாளி அல்லவா.

அர்ச்சகர் தட்டை எடுத்துக்கொண்டு, "யஜமானர் பேர், நட்சத்திரம்?" என்று கேட்டார். உங்களுக்குத் தெரியாததா? நம் வீட்டுப் பெண்கள் கோயிலில் முதலில் புருஷன் பேர் சொல்வார்கள், அப்புறம் பிள்ளைகள், ஞாபகம் இருந்தால் கடைசியில் தன் பேர். பத்மாவும் எத்தனையோ வருஷமாக அப்படித்தான்.

"பத்மா, ரோகிணி நட்சத்திரம்" என்றாள். பல் கிடுகிடுவென்று ஆடியது. "என் பேருக்கு மட்டும் பண்ணுங்க."

அர்ச்சகர் தயங்கினார். கண்டக்டர் பின்னாலிருந்து, "வேண்டுதல் அவருக்காக, பட்டரே" என்று எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

இப்போது வாய் வந்தது. "வேண்டுதல் எதுவும் இல்லீங்க" என்றேன். "என் ஹார்ட் நல்லாத்தான் இருக்கு. நான் சொன்னது பொய். இவங்களுக்கு மழையில மலை ஏறணும்னு ஆசை. ஏறிட்டாங்க. அவங்க பேருக்கே பண்ணுங்க."

கண்டக்டர் கூப்பியிருந்த கையை இறக்கினார். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பத்மா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அர்ச்சகர் அவள் பேரைச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து வழிந்தது மழைத் தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

வரிசையில் அடுத்து ஒரு பெண். நாற்பது வயசு இருக்கும், தலையில் பிளாஸ்டிக் கவர், பக்கத்தில் புருஷன். அர்ச்சகர் பேர் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பத்மாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"லலிதா" என்றாள் மெல்ல. "என் பேர்தான். அதுக்கே பண்ணுங்க."

அவள் புருஷன் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே... சார், நீங்கள் யாரோ எவரோ, தமிழ் படிப்பீர்களோ என்னவோ. இப்போதே ஒரு வேன் பார்த்து வையுங்கள்.