இரும்புக்குப் படுக்கை போட்டவன்

தபால் பெட்டியிலிருந்து திரும்பிய வெர்லின் ஸ்கோகன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் வந்து நின்றான்.

“ஆர்டிஸ், உனக்கு மூஸ் விழுந்திருக்கு.”

ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அவன் மனைவி, யாருக்கு என்று கேட்டாள். அவன் உறையைத் திருப்பி அவள் பெயரைக் காட்டினான். குதிரையைவிட உயரமான அந்த மானுக்கு, ஆயிரம் பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்குத்தான் குலுக்கலில் அனுமதிச் சீட்டு விழும். சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மட்டுமே சுடலாம். அவள் விண்ணப்பித்தது மூன்றாவது வருடம். அவன் இருபத்திரண்டு வருடமாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு என்ன வந்தது என்று கேட்டாள்.

“எனக்கு வழக்கமான கடுதாசிதான். வருத்தத்தோட தெரிவிச்சுக்கறாங்களாம். பாவம், வருஷா வருஷம் அவங்களுக்கு என்னால வருத்தம்.”

அவள் கையைக் கழுவி, கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு, திருப்பி அனுப்பிவிடலாம் என்றாள். அப்பா விட்டுப்போன துப்பாக்கியை நம்ப முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெண்மானின் நெஞ்சைக் குறிவைத்தாள். குண்டு வயிற்றில் போய்விட்டது. இரண்டு நாள் ரத்தச் சுவட்டைத் தொடர்ந்தும் அது கிடைக்கவில்லை. வெர்லின் தன் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளச் சொன்னான். அது உதைக்கும் உதைக்குப் பயந்து, சுடும் முன்பே தனக்குக் கண் மூடிக்கொள்கிறது என்றாள்.

“அந்த மாதிரி இன்னொண்ணு என் கையால வேணாம், வெர்லின்.”

அவன் அப்போதுதான் தொப்பியைக் கழற்றினான். “உங்க அப்பா துப்பாக்கி மேல தப்பில்ல. அது படுத்திருக்கிற இடம் சரியில்ல. என்கிட்ட கொடு.”

நூறு கஜத்தில் வரிசையாக மூன்று குண்டு ஒரு ஜாம் ஜாடி மூடிக்குள் விழுந்தால் போவதாகவும், இல்லாவிட்டால் சீட்டைத் திருப்புவதாகவும் அவள் முடிவாகச் சொன்னாள். வேட்டைப் பருவம் தொடங்க ஒன்பது நாள் இருந்தது.

வெர்லின் அந்த மொண்டானா பள்ளத்தாக்கில் பத்தொன்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பலகைக் கதவில் ஏறி நின்று காத்திருக்கும் என்று அறிந்தவன். ஒரு நாளில் அவன் பேசுவதை ஒரு கைப்பிடியில் அள்ளிவிடலாம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தங்கள் துப்பாக்கிகளைச் சரிசெய்ய அவனுடைய சமையலறை மேசைக்குக் கொண்டுவருவார்கள். வேலை முடிந்ததும் ஒரு வாளி ஹக்கிள்பெரிக் காட்டுப்பழமோ மான்கறித் தொத்திறைச்சியோ கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி நாற்பத்தொரு துப்பாக்கிகள் அந்த மேசையைப் பார்த்திருந்தன. ஆர்டிஸ் அத்தனை நாளும் மேசை காலியானால் போதும் என்றுதான் இருந்தாள். இந்த முறை எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

அவன் இரண்டு திருகாணிகளைக் கழற்றி, தோளில் அணைக்கும் வால்நட் மரக்கட்டையிலிருந்து குழலும் விசையுமான இரும்பைப் பிரித்தான். மழையில் கட்டை தண்ணீர் குடிக்கிறது, வெயிலில் சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் இரும்பை ஒவ்வொரு பக்கம் தள்ளுகிறது என்று ஒரு கறுத்த தடத்தைக் காட்டினான். ஒரு மயிரிழை இங்கே நகர்ந்தால் நூறு கஜத்தில் ஒரு சாண் விலகும். அந்தப் பெண்மானின் வயிற்றுக்குப் போன குண்டு இந்தத் தடத்திலிருந்துதான் கிளம்பியது என்று அவளுக்குப் பட்டது.

இரும்பு உட்காரும் இடத்தில் மரத்தை மெல்லச் செதுக்கினான். இறுகினால் கல்லாகிவிடும் எபாக்சிப் பசையைக் குழைத்து, இரும்புக்கு அசையாத படுக்கையாக அங்கே நிரப்பினான். பசை இரும்பில் பிடிக்காமலிருக்க, கறுப்பு ஷூ பாலிஷை விரலால் தேய்த்தான். இரும்பிலிருந்த துளைகளைக் களிமண்ணால் அடைத்தான். இரும்பைப் பசைக்குள் இறக்கினான். தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல இருந்தது. ஒரு நாள் இப்படியே கிடக்கட்டும் என்றான்.

மறுநாள் சாயங்காலம் ஆர்டிஸ் பள்ளிச் சமையல் வேலையிலிருந்து வந்தபோது மேசை காலியாக இருந்தது. ஹக்கிள்பெரி எடுக்கப் பெரிய ஃப்ரீசரைத் திறந்தாள். எல்க் மான்கறிப் பொட்டலங்களுக்கு நடுவில் அவள் அப்பாவின் துப்பாக்கி, கட்டையும் இரும்புமாக, பனி பூத்துக் கிடந்தது.

“இது இங்க என்ன பண்ணுது?”

“கொஞ்சம் யோசிச்சிட்டிருக்கு,” என்றான்.

பிறகு முழுவதையும் சொன்னான். ஒரு சின்னத் துளையை அடைக்க மறந்திருக்கிறான். பசை உள்ளே ஒழுகி இறுகிவிட்டது. நாற்பத்தொரு துப்பாக்கியில் வராத தவறு. சுத்தியலால் தட்டிப் பார்த்தும் அசையவில்லை. குளிரில் இரும்பு ஒரு அளவும் மரம் ஒரு அளவும் சுருங்கும். அப்போது பிடி விட்டால் உண்டு. விடாவிட்டால் கட்டையை அறுக்க வேண்டும்.

“எங்க அப்பா கட்டையவா?”

“ம்.”

“உன் துப்பாக்கின்னா மறந்திருக்க மாட்டே.”

“மாட்டேன். என்னுதுக்குக் கை நடுங்கியிருக்காது,” என்றான்.

அதற்கு மேல் அவளுக்குக் கோபப்படத் தெரியவில்லை.

இரண்டு நாள் ஃப்ரீசர் பக்கம் இருவரும் போகவில்லை. சனிக்கிழமை காலை கம்பளிக் கையுறையோடு அதை எடுத்துவந்து மேசையில் வைத்தான். மரச் சுத்தியலால் குழலின் அடியில் ஒரே ஒரு தட்டு. மெல்லிய பனிக்கட்டி விரிவதுபோல ஒரு சத்தம். இரும்பு அப்படியே எழுந்து அவன் கைக்கு வந்தது.

வெர்லின் மூச்சை விட்டான். ஆர்டிஸ் கட்டைக்குள் எட்டிப் பார்த்தாள், பார்த்தவள் நகரவில்லை. அந்த இரும்பைச் செய்த ஆலையின் அரம் இழுத்த கோடுகள் ஒவ்வொன்றும் பசையில் பதிந்திருந்தன. என்றோ அப்பா பாறையில் தவறவிட்ட கீறல் இருந்தது. அவற்றின் நடுவே, பாலிஷ் தேய்த்த வெர்லினின் விரல்ரேகை, சுழி சுழியாக, கல்வெட்டுபோல் நின்றது. இவ்வளவு நுணுக்கமாக ஒரு பொருள் இன்னொன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று அவள் நினைத்ததில்லை. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியவள் தொடாமலே எடுத்துக்கொண்டாள்.

மதியம் வைக்கோல் கட்டுகள்மேல் துப்பாக்கியை வைத்து, மூச்சை நிறுத்தி மூன்று முறை சுட்டாள். வெர்லின் நடந்துபோய் அட்டையைக் கொண்டுவந்தான். ஜாடி மூடிக்கு வேலையே இருக்கவில்லை. மூன்று துளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒரு கட்டைவிரலால் மூடிவிடும்படி இருந்தன. அவள் அட்டையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். இவ்வளவு சொன்னபடி கேட்கும் ஒன்றை ஒரு உயிருக்கு நேரே நீட்டப்போகிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

பருவம் தொடங்கிய நாள் திங்கட்கிழமை. பேருந்தை ஓட்ட வேறு ஆள் இல்லாததால் அவள் தனியாகத்தான் போக வேண்டும். விடிவதற்குச் சற்று முன் அவள் பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டிருக்கும்போது வெர்லின் காப்பிக் குடுவையை அவள் பையில் வைத்தான். சாவியை எடுத்தான், கதவருகே போனவன் திரும்பி வந்தான்.

“ஆர்டிஸ், ஒண்ணு கேக்கறேன். மூஸ் கிட்ட வந்தா உடனே சுட்டுடாதே. ஒரு நிமிஷம் சும்மா பாரு. காதை எப்படித் திருப்புது, மூச்சு எப்படிப் புகையுது, தண்ணியில எப்படிக் கால் வைக்குது, எல்லாத்தையும் பாரு. அப்புறம் சுடறதும் விடறதும் உன் இஷ்டம். சாயங்காலம் வந்ததும் கறியப் பத்திப் பேசாம, முதல்ல அத எனக்குச் சொல்லு.”